குடலின் வேலைநிறுத்தத்தை நான் முறியடித்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நான் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமென நம்புகிறேன். பிஸ்கட் ஆலையில் நான் மேலாளர், தாங்கள் தொழிற்சங்கத் தலைவர் என்று வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றோமே, ஒரு வேலைநிறுத்தத்திலாவது நான் ஜெயித்ததுண்டா என்று பிள்ளைகள் கல்யாணத்தன்றுகூடக் கேட்டுச் சிரித்தீர்கள். இன்று ஜெயித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சூப் குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

குடலில் இருந்த அடைப்பை வெட்டி எடுத்தார்கள் அல்லவா, ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது, ஆனால் கத்தி பட்ட கோபத்தில் மொத்தக் குடலும் வேலையை நிறுத்திவிட்டது. "கேஸ் பிரிஞ்சாத்தான் சாப்பாடு. இல்லேன்னா மூக்கு வழியா குழாய் விடணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பசியில் கண் இருட்டுகிறது, அவரோ படம் வரைந்து பாடம் நடத்துகிறார்: வாயில் அரைபட்டு எச்சிலில் ஊறியது இரைப்பையில் அமிலத்தோடு பிசைபட்டுக் கூழாகி, சிறுகுடலுக்குப் போய், அங்கே பித்தநீரும் கணையநீரும் அதை உடைக்க, உட்சுவரில் இருக்கும் பொடிப்பொடி விரல்கள் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்குமாம், மிச்சத்திலுள்ள தண்ணீரைப் பெருங்குடல் இழுத்துக்கொள்ளுமாம். சம்பந்தி, இது நம் ஆலையேதான்! மாவு பிசைவதிலிருந்து கழிவு வரை ஒரே பெல்ட். அது நின்றால் எல்லாமே நின்றது.

பெல்ட் என்றதும் எனக்குள் இருந்த மேலாளர் எழுந்துவிட்டார். "கொஞ்சம் நடங்க சார்" என்றார் நர்ஸம்மா. "தொழிலாளி மக்கர் பண்ணினா நிர்வாகம் எதுக்கு நடக்கணும்?" என்று மறுத்துவிட்டேன். வயிற்றைக் குனிந்து பார்த்து, "ஒழுங்கா வேலைக்கு வா, இல்லேன்னா கதவடைப்புதான்" என்று அதட்டினேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கதவு ஏற்கெனவே அடைச்சுத்தானே கிடக்கு?" தங்கள் மகள், அதுதான் என் மருமகள், இதிலெல்லாம் தலையிடாமல் "வாய் காயுது பாருங்க மாமா" என்று வேளாவேளைக்குச் சூயிங்கம் நீட்டினாள். நானும் மாடு மாதிரி அசைபோட்டபடியே அதட்டினேன். உள்ளுக்குள் பயம்தான் சம்பந்தி. குழாயைத் தட்டில் எடுத்து வைத்தேவிட்டார்கள்.

அப்போதுதான் கேட்டது அந்தச் சத்தம். வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கட்டில்காரர் கைதட்டினார். நர்ஸம்மா ஓடிவந்து, "சார், நீங்களா?" என்றார். "நானேதான்!" பதவி உயர்வு கிடைத்த அன்றுகூட நான் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை. மனைவி அழுதேவிட்டாள். ஒரு கோரிக்கையைக்கூட ஏற்காமல், வெறும் அதட்டலிலேயே முறியடித்தேன். நிர்வாகம் என்றால் என்னவென்று இனியாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் வயிறு என்றென்றும் சமாதானமாக இயங்க வாழ்த்தும்,
வெற்றி பெற்ற சம்பந்தி.

பின்குறிப்பு: உறையில் போடச் சொல்லி மருமகளிடம் கொடுத்தால், படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எதையாவது மென்றுகொண்டே இருந்தால், சாப்பாடு வருகிறதென்று நம்பிக் குடல் தானாகவே வேலையைத் தொடங்குமாம். டாக்டரைக் கேட்டுத்தான் சூயிங்கம் கொடுத்தாளாம். "மிரட்டினா யாரும் வேலைக்கு வரமாட்டாங்க மாமா, முதல்ல பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடணும்னு எங்கப்பா சொல்லுவாரு" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். இந்த முறையும் நீங்கள்தான். சூப் மட்டும் என்னுடையது. இரண்டாவது கிண்ணம் வந்துகொண்டிருக்கிறது.