ஒரு காரின் தன்னிச்சைப் பயணம்

‘தவறு யாருடையது?’ என்ற கேள்விக்கு ‘என்னுடையதல்ல’ என்ற பதிலை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்த பெருமை, ஆக்லாந்து மாநகரில் இரத்தினசிங்கம் அவர்களையே சாரும். நகர மையத்தில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில், நட்டஈடு கேட்டு வருபவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பும் திருப்பணி அவருக்கு.

1986இல் ஒரு சனிக்கிழமை காலை, மவுண்ட் ரோஸ்கில் என்ற பழைய எரிமலை மேட்டில் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியவர், ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கினார். கார் சரிவில் உருண்டுபோய், கீழ்வீட்டு அன்னபாக்கியத்தின் கராஜுக்குள் புகுந்து, தையல் மெஷின்மீது இளைப்பாறியது. ஹென்டர்சன் பகுதிக் கடையொன்றுக்குப் பள்ளிச் சட்டை தைத்துத்தான் அவள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள்.

“அண்ணை, கார் என்ரை மெஷினுக்கு மேல ஏறி நிக்குது!”

“நான் ஏத்தேல்லை, தங்கச்சி. அது தானாப் போனது.”

அவள் நட்டஈடு கேட்டாள். அவர் மூன்று பக்கத்தில் பதில் தட்டச்சு செய்தார். மேட்டுக்குக் கீழே குடிவந்தபோதே அவள் ஆபத்தை ‘மனமுவந்து’ ஏற்றுக்கொண்டாள். மெஷினைக் கராஜில் வைத்தது விபத்துக்கு அவளுடைய ‘பங்களிப்பு’. தவிர, சரிவு எரிமலையின் வேலை, எரிமலை கடவுளின் வேலை. ஆகவே கடவுளையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும்!

“பாவமப்பா, அவ கையால தைச்சுக்கொண்டிருக்கிறா” என்றாள் மனைவி குணவதி.

“இரக்கம் வேற, பொறுப்பு வேற.”

கீழே மெஷின் சத்தம் கேட்காதது அவருக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அந்த உறுத்தலையும் தகுந்த காரணங்கள் காட்டி நிராகரித்தார்.

வழக்கு, வக்கீல்கள் நுழைய முடியாத சிறுவழக்கு மன்றத்துக்குப் போனது. நடுவர் ஓர் அம்மையார். அன்னபாக்கியம் உடைந்த மெஷினின் படத்தை நீட்டிவிட்டு உட்கார்ந்தாள். இரத்தினசிங்கமோ அரைமணி நேரம் முழங்கினார்.

“அந்தச் சரிவில் ஹேண்ட்பிரேக் போடாத கார் உருளும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கீழே குடியிருக்கும் இந்த அம்மாவுக்குத் தெரியாதா?”

நடுவர் குறிப்பெழுதுவதை நிறுத்தினார். “உங்களுக்குத் தெரியுமா?”

இரத்தினசிங்கத்துக்கு ரோசம் வந்துவிட்டது. “எனக்கா? நன்றாகத் தெரியும்! ஆபத்தை முன்கூட்டியே அறிவதுதான் என் தொழில்.”

“மிக்க நன்றி” என்று நடுவர் பேனாவை மூடினார். “அன்னபாக்கியம் இனிப் பேசத் தேவையில்லை. அவருக்காக நீங்களே பிரமாதமாக வாதாடிவிட்டீர்கள். புது மெஷின் எப்போது வாங்கிக் கொடுக்கிறீர்கள்?”