காதுக்குள் சொன்ன நாமம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு வைகாசி மாதம் உப்புவெளிக் கடற்கரைக்கு உண்மை வந்து சேர்ந்தது. கந்தளாய் பஸ்ஸில் வந்தது. முழங்கால் வரை வெள்ளை அங்கி, நெஞ்சு வரை தாடி, கையில் ஒரு தகரப் பெட்டி. தன் பெயர் ரபூனி ஐயா என்றது. ரபூனி என்றால் எபிரேயர் மொழியில் போதகர் என்று அர்த்தமாம். எருசலேமில் ஏழு வருடம் தங்கிப் படித்ததாம். எருசலேம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டபோது ஐயா கடலைக் காட்டினார். நமக்குக் கிழக்கே கடல். எருசலேம் மேற்கே. அன்றைக்கே யாராவது யோசித்திருந்தால் இந்தக் கதை இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

ஐயா கொண்டுவந்த உண்மை இதுதான்.

"கத்தோலிக்கர் சேசு எண்டு கூப்பிடுறீங்கள். மெதடிஸ்தர் இயேசு எண்டு கூப்பிடுறீங்கள். முஸ்லிம் ஆக்கள் ஈஸா எண்டு சொல்லுறீங்கள். மூண்டும் பிழை! சரியான எபிரேய நாமம் வேறை. பிழையான பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உங்கட தகப்பன்கூடத் திரும்பிப் பார்ப்பாரோ?"

கூட்டம் தலையாட்டியது. இரண்டாயிரம் வருடமாக ஒருவருடைய செபமும் போய்ச் சேரவில்லை என்ற பயங்கரச் செய்தியைக் கேட்டு ஒருவரும் அழவில்லை. சரியான நாமம் நமக்குத்தான் கிடைக்கப்போகிறது என்ற பூரிப்பு.

அந்த நாமத்தை உரத்துச் சொல்லக்கூடாதாம். ஒவ்வொருவராகப் போக வேண்டும். ஐயா வலது காதுக்குள் மூன்று தரம் சொல்லுவார். வாங்கிய நாமத்தை இன்னொருவருக்குச் சொன்னால் நாமமும் போகும், நாக்கும் போகும். காசு வாங்கமாட்டார், காசு பாவம். ஆனால் தங்கம் எபிரேயச் சத்தத்தைத் தடுக்கும். ஆகவே தோடு, சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றித் தகரப் பெட்டிக்குள் போட வேண்டும். நோய் முழுதாகத் தீர்ந்ததும் சுத்திகரித்துத் திருப்பித் தருவார்.

நோய் தீரவில்லையா? உச்சரிப்புப் பிழை. மறுபடியும் வரிசையில் நின்று திருத்திக்கொண்டு போகலாம். காதில் தோடு இல்லையென்றால் பரவாயில்லை, வீட்டில் காப்பு இருக்குமே.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! சுகம் வந்தால் ஐயாவின் நாமம். வராவிட்டால் உன்னுடைய நாக்கு.

இரண்டு மாதத்தில் கடற்கரையில் கிடுகுக் கொட்டகை எழும்பியது. மூதூரிலிருந்து லாஞ்சியில் வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து பாதைப் படகில் துறை கடந்து வந்தார்கள். வெருகலிலிருந்து மாட்டுவண்டியில் வந்தார்கள். அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த சோமசேகரம், பட்டை பட்டையாகத் திருநீறு பூசும் சைவர், வாசலில் நின்று இலக்கத் துண்டு கொடுத்தார். கந்தோரில் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று மாதம் எடுக்கிற மனிதர், இங்கே ஒரு நிமிடத்துக்கு மூன்று துண்டு எழுதினார்.

உப்புவெளி உபதபாற் கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவர் தங்கரத்தினம். நாற்பத்தைந்து வயது. ஊர் அவரைத் தபாலம்மா என்று கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் கோயிலுக்குப் போகும்போது மூளையை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை.

அவருடைய தம்பி இராசதுரை துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். அவனுக்குக் கசம் என்ற காசநோய். எட்டு மாதமாக ஆசுபத்திரி ஊசியும் குளிசையும் எடுத்து, இருமல் குறைந்து, உடம்பில் கொஞ்சம் சதையும் வைத்திருந்தது. ஒன்றரை வருடம் விடாமல் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு மாலை தங்கரத்தினம் குசினிக்குள் போனபோது குளிசைப் போத்தல் அடுப்படிக் குப்பைக்குள் கிடந்தது.

"தம்பி, இது என்னடா?"

"இனித் தேவையில்லை அக்கா. மருந்து நாமத்தை மறைக்குமாம். ரபூனி ஐயா சொன்னவர்."

"உன்ர தங்க மோதிரம் எங்கை?"

இராசதுரை கையைப் பின்னால் மறைத்தான்.

"அக்கா, இவ்வளவு நாளும் நாங்கள் பிழையான பேரிலைதான் செபம் பண்ணினனாங்கள். அதுதான் கடவுளுக்குக் கேக்கேல்லை."

தங்கரத்தினம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நேற்று ஒரு கடிதம் வந்தது. மேல 'ஈஸ்புல்லா, உப்பளி' எண்டு எழுதியிருந்தது. நான் அதைக் கிழிச்சா எறிஞ்சனான்? தபாற்காரனிட்டை ஹிஸ்புல்லாவின்ர கடைக்குக் குடுத்துவிட்டனான். உன்ர பேரையே ராசத்துரை, ராஜதுரை எண்டு நாலு விதமா எழுதுறாங்கள். ஒண்டாவது தவறிச்சுதே? கால்சட்டை போட்ட ஒரு தபாற்காரன் கண்டுபிடிக்கிற ஆளை, வானத்தையும் பூமியையும் படைச்சவர் கண்டுபிடிக்க மாட்டாரோ?"

"உங்களுக்கு விசுவாசம் இல்லை" என்றான் தம்பி. பதில் தெரியாதபோது சொல்லுவதற்கென்றே வைத்திருக்கும் பதில் அது.

"சரி, உனக்குச் சொன்ன நாமத்தை எனக்குச் சொல்லு பாப்பம்."

"ஏலாது. நாக்குப் போயிடும்."

அடுத்த நாள் தங்கரத்தினம் தானே வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றவர் கிண்ணியா ஆமினா உம்மா. முழங்கால் வாதம். ஏற்கெனவே இரண்டு தரம் நாமம் வாங்கியவர்.

"திரும்பவும் ஏன் உம்மா?"

"நாஞ் சொல்லுற விதம் பிழையாம் மகள். நாளுக்கு நாப்பது தரம் சொல்லுறன். முழங்கால் இன்னும் கூடத்தான் நோகுது."

தங்கரத்தினத்தின் முறை வந்தது. தோட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். ஐயா காதோடு தாடியை ஒட்டி, தொண்டையைச் செருமுவதுபோல ஏதோ ஒன்றைச் சொன்னார். மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் வெவ்வேறு மாதிரிக் கேட்டது. வெற்றிலை மணம் மட்டும் மூன்று தரமும் ஒன்று.

வீட்டுக்கு வந்த தங்கரத்தினம் கொழும்பில் போதகர்களைப் பயிற்றுவிக்கும் ஒரு கல்லூரிக்குக் கடிதம் எழுதினார். எபிரேயம் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவரே பதில் எழுதினார். அதில் அதிசயம் ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் அதிசயம்.

நாமத்தில் இரகசியம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார் அவர். எபிரேயத்தில் யெஹோஷுவா. சுருக்கி யேஷுவா. கர்த்தர் இரட்சிக்கிறார் என்று பொருள். அந்தக் காலத்தில் சந்தையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவ்வளவு சாதாரணமான பெயர். நடுவில் உள்ள 'ஷ' என்ற சத்தம் கிரேக்கருக்கு வராது. ஆண்பிள்ளைப் பெயரின் முடிவில் ஒரு 'ஸ்' போடுவது அவர்கள் வழக்கம். அதனால் அவர்கள் வாயில் அது ஈசூஸ் ஆனது. இலத்தீன்காரர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயர் வழியாக வந்து தமிழ்க் கத்தோலிக்கருக்குச் சேசு. மற்றவர்களுக்கு இயேசு. அரபியில் ஈஸா. மோசேக்குப் பின் வந்த யோசுவாவின் பெயரும் இதே பெயர்தான். தமிழ் வேதாகமத்தில் எல்லோரும் பார்க்கும்படி அச்சிட்டிருக்கிறது. 'எங்கள் முதல் வருட மாணவர்கள் இதைக் கரும்பலகையில் எழுதுவார்கள். இதற்காக யாரும் தோடு கழற்றுவதில்லை.'

தங்கரத்தினம் கடிதத்தைத் தம்பியிடம் நீட்டினார். அவன் முழுவதும் வாசித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"படிச்ச ஆக்களுக்குப் பொறாமை அக்கா."

அந்தக் கிழமைதான் வெருகலிலிருந்து செய்தி வந்தது. கனகம்மா என்றொரு பெண், சலரோகக்காரி, நாமம் வாங்கியபின் நீரிழிவு ஊசியை நிறுத்தியவள். மூன்றாம் வாரம் செத்துப்போனாள். கொட்டகையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஐயா கண்ணை மூடிக்கொண்டு, "பாவம், கடைசி எழுத்தை அழுத்தாமல் சொல்லியிருக்கிறாள்" என்றார். முந்நூறு பேர் உச்சுக்கொட்டினார்கள். கனகம்மாவுக்காக அல்ல, அந்தக் கடைசி எழுத்துக்காக.

தங்கரத்தினம் அன்றிரவு சாப்பிடவில்லை. தம்பி பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தான். கடிதம் காட்டி இவர்களைத் திருத்த முடியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணால் வாசிப்பதை நம்பாதவர்கள், தங்கள் காதால் கேட்பதையாவது நம்புவார்களா?

ஞாயிறு பின்னேரம் கொட்டகை நிறைந்திருந்தது. ஐயா பேசி முடித்ததும் தங்கரத்தினம் எழுந்து கைகூப்பினார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். ஒருத்தர் தனியாச் சொல்லுற நாமத்துக்கே இவ்வளவு வல்லமை எண்டால், முந்நூறு பேரும் ஒண்டாச் சொன்னால் எப்பிடி இருக்கும்?"

கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. ஐயாவின் தாடி மட்டும் அசையவில்லை.

"அது இரகசிய நாமம் அம்மா. உரத்துச் சொல்லக்கூடாது."

"தெரியாதவைக்குத்தானே சொல்லக்கூடாது? நாமம் வாங்காத ஆக்களை வெளியிலை அனுப்புவம். மிச்சம் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும்தானே. தெரிஞ்சவைக்கு முன்னாலை தெரிஞ்சதைச் சொன்னால் இரகசியம் எங்கை போகும்?"

"ஞாயம்தானே!" என்றார் வாசலில் நின்ற சோமசேகரம். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு விண்ணப்பத்தை உடனே அங்கீகரித்தார். நாமம் வாங்காதவர்களை வெளியே அனுப்பிக் கதவுப் படலையையும் சாத்தினார்.

"வேளை இன்னும் வரேல்லை" என்றார் ஐயா.

"ஐயா, சொல்லுவம் ஐயா!" யார் கத்தியது என்று தங்கரத்தினம் திரும்பிப் பார்த்தார். இராசதுரை. கண்கள் பளபளக்க, நெஞ்செலும்பு தெரிய, கையை உயர்த்திக்கொண்டு நின்றான். "சொல்லுவம்! சொல்லுவம்!" என்று கூட்டம் முழுவதும் எழுந்தது. ஐயா வளர்த்த விசுவாசம் ஐயாவின் சொல்லைக் கேட்கும் நிலையில் இல்லை.

"நான் மூண்டு எண்ணுறன்" என்றார் தங்கரத்தினம். "எல்லாரும் உரத்து, தெளிவா, ஒரேயொரு தரம். ஒண்டு. ரெண்டு. மூண்டு!"

முந்நூறு வாய்கள் திறந்தன.

"யாஹ்ஷுவார்!" "கர்ஷூக்!" "ஏகூசா!" "ஹஷ்வாலா!" "யக்காசு!" "சுவாஹா!"

மீன் இறங்கும் நேரத்துக் கடற்கரைகூட இவ்வளவு குழம்பியதில்லை. எல்லோரும் வாயை மூடியபிறகு, சற்றுப் பிந்தி, ஆமினா உம்மாவின் குரல் மட்டும் தனியாகவும் தெளிவாகவும் கேட்டது.

"கறுவா!"

கொட்டகை அடங்கியது. பக்கத்தில் நின்றவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். கணவன் மனைவியைப் பார்த்தான். ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கிறவர்கள் வாயில் இரண்டு நாமம்.

"நீ என்ன சொன்னனி?"

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

ஆமினா உம்மா வாயில் கையை வைத்தார். "அல்லாவே, ரெண்டு மாசமா நான் கறியில போடுற சாமானையா ஓதியிருக்கன்?"

"ஐயா" என்றார் தங்கரத்தினம். "இதிலை எது சரி? உரத்துச் சொல்லுங்கோ. பிழையாச் சொன்னவை இப்பவே திருத்திக்கொள்ளட்டும்."

ஐயாவின் நெற்றியில் வியர்வை. "ஒவ்வொரு காதுக்கும்... ஒவ்வொரு நாமம்" என்றார்.

"ஒரேயொரு நாமம்தான் சரி, மிச்சமெல்லாம் பிழை எண்டுதானே முதல்நாள் சொன்னனீங்கள்? சேசுவும் இயேசுவும் ஈஸாவும் பிழை எண்டால், ஏகூசா எப்பிடிச் சரி?"

ஐயா வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதும் கூட்டத்தில் நின்ற ஒருவர், "இதுதான்! இதைத்தான் எனக்கும் சொன்னவர்!" என்று கத்தினார். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

இராசதுரை சிரிக்கவில்லை. ஒருமுறை உரத்துக் கத்தியதே அவனுக்குப் போதுமாக இருந்தது. குனிந்து இருமினான், இருமல் நிற்கவில்லை. சாரத்தின் நுனியால் வாயைத் துடைத்தபோது அதில் இரத்தம். தங்கரத்தினம் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார்.

"அக்கா" என்றான் அவன், மூச்சு வாங்க. "நான் சொன்னதை ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஓமடா. நானும் வேறைதான் சொன்னனான்."

ஐயா இந்தச் சந்தடியில் பின்பக்கக் கிடுகைப் பிரித்துக்கொண்டு கிளம்பினார். கூட்டம் அவரைப் பிடித்தபோது அங்கி முள்ளுக்கம்பியில் கிழிந்திருந்தது. எருசலேமில் ஏழு வருடம் படித்தவர் தெளிவான யாழ்ப்பாணத் தமிழில், "அடியாதையுங்கோ" என்று கெஞ்சினார். பொலிஸ் வந்து தகரப் பெட்டியைத் திறந்தது. பாதித் தோடுகள்தான் இருந்தன. மற்றப் பாதி எப்போதோ உருகிவிட்டது. தங்கம் எபிரேயச் சத்தத்தைத் தடுத்ததோ இல்லையோ, அடகுகடைக்காரர் எவரையும் தடுக்கவில்லை.

இராசதுரையின் வைத்தியம் முதலில் இருந்து தொடங்கியது. நடுவில் விட்டதால் பழைய குளிசைக்கு நோய் மசியவில்லை என்று டொக்டர் ஏசினார். இரண்டு வருடம் ஆனது. பிழைத்தான். வின்ச் ஓட்ட உடம்பு இடங்கொடுக்கவில்லை. துறைமுகத்தில் காவல் வேலைதான் கிடைத்தது. கனகம்மாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஐயாவைப் பொலிஸ் கொண்டுபோன மறுநாள் தபாற் கந்தோர் வாசலில் இருபது பேர் நின்றார்கள். முன்னால் சோமசேகரம். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தங்கரத்தினம் வெளியே வந்தார்.

"தபாலம்மா" என்றார் சோமசேகரம், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்குக் கொழும்பிலை இருந்து சரியான பேர் எழுதி வந்திருக்காம். அதை எத்தினை தரம் சொன்னால் நோய் தீரும்?"

தங்கரத்தினம் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒரேயொரு பேர், ஒரேயொரு தரம் சொன்னால் போதும்" என்றார். "உங்கட சொந்தப் பேரை. ஆசுபத்திரியிலை துண்டு எழுதுறவரிட்டை."

இருபது பேரில் மூன்று பேர் ஆசுபத்திரிக்குப் போனார்கள். மற்றப் பதினேழு பேரும் தபாலம்மா எதையோ மறைக்கிறா என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பதினேழு பேருக்காக அடுத்த பஸ்ஸில் யாரோ ஏறியிருப்பார். அவரை நிறுத்தப் பொலிஸ் போதாது. அவர்களே உட்கார்ந்து கொஞ்சம் யோசிக்க வேண்டும். யோசிப்பதற்குத் தோடு கழற்ற வேண்டியதில்லை.