ஈரத்துணி தொடர்பாக மாப்பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்

உயர்திரு கல்வி ஆய்வாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

பொருள்: தங்கள் ஆய்வறிக்கையில் உள்ள ஒரு சொல்லை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

பார்வை: 1. ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு அறிவியல் பாடம் குறித்த தங்கள் அறிக்கை. 2. நேற்று என் தங்கையுடன் தொலைபேசியில் பேசியது.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மேலே ‘உயர்திரு’ போட்டுவிட்டு இங்கே ‘மாப்பிள்ளை’ என்று இறங்கிவிட்டேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆய்வாளர் என்று மட்டும் எழுதினால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார். மாப்பிள்ளை என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் அதைக் கோப்பில் சேர்க்க மாட்டார். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். தங்கள் நலத்தை, தங்களுக்குத் தும்மல் வந்தது உட்பட, தங்கை நாள் தவறாமல் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. இந்த விஷயத்தையும் போனிலேயே பேசி முடித்துவிடத்தான் நினைத்தேன். தங்கைதான் எடுத்தாள். “அண்ணா, அவர்கிட்ட வாயால சொன்னா ஏறாது. சாப்பாட்டுல உப்பு குறைஞ்சாக்கூட துண்டுச்சீட்டுல எழுதி தட்டுக்குப் பக்கத்துல வைக்கிற மனுஷன். எழுதிக் கொடுங்க” என்றாள். எழுதுகிறேன்.

போன வாரம் தாங்கள் ஆய்வுக்குப் போன பள்ளியில், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத அறிவியல் ஆசிரியை ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மாணவி, துணியில் நனைந்த இடம் மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். தாங்கள் எழுதியது இது: “மாணவி கேட்ட எளிய கேள்விக்கு ஆசிரியை, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று வகுப்பறையிலேயே கூறினார். இவரது பணியை உறுதி செய்வது குறித்து யோசிக்க வேண்டியுள்ளது.” அந்த யோசனைக்கான கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. அதில் தாங்கள் தலையை ஒரு பக்கம் ஆட்டினால் அந்தப் பெண்ணுக்கு வேலை நிலைக்கும், இன்னொரு பக்கம் ஆட்டினால் போய்விடும். அவர் எங்கள் அறிவியல் ஆசிரியர் சங்கத்துக்கு இரண்டே வரி எழுதியிருந்தார்: “சங்கம் எனக்காகப் பேச வேண்டும். நடந்ததை நேரில் வந்து சொல்கிறேன்.” நான் சங்கத்துக்குத் தலைவராகி நாலு மாசம் ஆகிறது. வேறு யாரும் போட்டியிடாததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். பாவம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் பெண், எதற்கு அலைய வேண்டும் என்று, “தாங்கள் வர வேண்டியதில்லை. எல்லாம் எங்களுக்குத் தெரியும். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பதில் போட்டேன்.

உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன். எங்கள் சங்க அறையைத் தாங்கள் பார்த்ததில்லை. எழுதுபொருள் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. லென்ஸ் இல்லாத நுண்ணோக்கி ஒன்று, எந்தப் பள்ளியோ வேண்டாம் என்று தள்ளிவிட்ட எலும்புக்கூடு ஒன்று. அதன் இடது கையில்தான் குடைகளை மாட்டுவோம். வந்தது மூன்று பேர். இயற்பியல் எடுக்கும் நான், வேதியியல் எடுக்கும் செயலாளர் அம்மா, உயிரியல் எடுக்கும் துணைத் தலைவர். துணைத் தலைவர் ஓய்வுபெற இன்னும் ஏழு மாசம்தான் இருக்கிறது, கோபம் வந்தாலும் கொட்டாவிதான் விடுவார். தங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று ஒரே மனதாக முடிவெடுத்தோம். முதல் வரியில், “ஈரத்துணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்பது எளிய கேள்வி அல்ல, ஏனென்றால்...” என்று எழுதினேன். அங்கேயே பேனா நின்றுவிட்டது.

“ஏனென்றால்னு போட்டுட்டீங்களே, மேல எழுதுங்க” என்றார் செயலாளர்.

“தண்ணி வெளிச்சத்தை உறிஞ்சுக்குது” என்றேன், வகுப்பில் பேசும் குரலிலேயே.

அந்த அம்மா குடித்துக்கொண்டிருந்த கண்ணாடித் தம்ளரை என் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “இதுவும் தண்ணிதானே சார். கறுப்பாவா இருக்கு?”

முப்பது வருஷ அனுபவம் அரை நிமிஷத்தில் காலி. சரி, நீங்களே சொல்லுங்கள் என்றால், துணியின் சாயம் தண்ணீரில் ஊறி இளகுகிறது என்றார். உடனே சாயமே போடாத என் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் காட்டினேன். அதுவும் அசல் அழுக்கு நிறத்துக்கு மாறியது. (அதில் கொஞ்சம் உண்மையான அழுக்கும் இருந்திருக்கலாம் என்று செயலாளர் குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொன்னார், செய்திருக்கிறேன்.) துணைத் தலைவர் கொட்டாவியை முடித்துக்கொண்டு, துணியில் ஒரு மாற்றமும் இல்லை, நம் கண்தான் ஏமாறுகிறது என்றார். செல்போனில் படம் எடுத்துப் பார்த்தோம். படத்திலும் கறுப்புதான். “செல்போனுக்கும் கண் கெட்டுப்போச்சா?” என்று கேட்டதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் சட்டையையே நனைத்துச் சோதிக்கிறேன் என்று குனிந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுவிட்டார்.

“என்ன சார், தெரியுதா?” என்றார் செயலாளர்.

“தெரியலை.”

“பாத்தீங்களா, கடைசியில உங்களுக்கே தெரியலை!”

“அம்மா, கண்ணாடி போடலை. அதனால தெரியலை.”

இப்படியே ஒரு முழு மதியம் போயிற்று. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, கடிதம் ‘ஏனென்றால்’ என்பதிலேயே நிற்கிறது. ஆனால் மாப்பிள்ளை, தங்களிடம் மறைப்பானேன், பயத்தைவிட எனக்கு ஆசைதான் அதிகமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் தண்ணீர் தெளித்த தரையைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன். கொடியில் காயும் துணியைப் பார்த்து நின்றதில் எதிர்வீட்டு அம்மாள் துணிகளை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மனைவி, “மாடிப்படி துடைச்சிருக்கேன், மிதிக்காம பாத்துக்கிட்டே நில்லுங்க, காயற வரைக்கும் காவலுக்கு ஆச்சு” என்றாள். நின்றேன். ஓரத்திலிருந்து உள்பக்கமாக வெளுத்துக்கொண்டே வந்தது. இத்தனை வருஷம் இந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் இதை இப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் ஜன்னல் திரையைக் கழற்றி வாளியில் முக்கினோம். பெரிய துணி, வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்பது என் யோசனை. துணைத் தலைவர் அதை நன்றாகப் பார்க்கிறேன் என்று பின்னால் நகர்ந்ததில் எலும்புக்கூட்டில் இடித்தார், அது குடைகளோடு வாளியில் சாய்ந்தது, வாளி கவிழ்ந்து தண்ணீர், குழாய் இறங்கும் இடுக்கு வழியாகக் கீழே கடைக்குள் இறங்கியது. கடைக்காரர் சொட்டச் சொட்ட ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே வந்தார்.

“காஞ்சா சரியாயிடும்” என்றேன்.

“என்னய்யா சரியாயிடும்? அத்தனையும் புது நோட்டு! நல்லா பாருங்க!” என்று ஒரு ஏட்டைப் பிரித்து, நீங்கள் செய்த அநியாயத்தை நீங்களே பாருங்கள் என்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “பின்பக்கத்துக் கோடெல்லாம் இந்தப் பக்கம் தெரியுது! இதை எவன் வாங்குவான்?”

மூன்று பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம். காய்ந்த இடத்தில் தாள் வெளிச்சத்தை மறைத்தது. நனைந்த இடத்தில் வெளிச்சம் தாளுக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவர் அதையே தாழ்த்தி மேசைமேல் வைத்தால் நனைந்த இடம்தான் கறுப்பு! காய்ந்த துணியின் நூல்களுக்கு நடுவிலும் தாளின் நார்களுக்கு நடுவிலும் காற்று இருக்கிறது, வெளிச்சம் அங்கே முட்டி முட்டி நம் கண்ணுக்கே திரும்பி வந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிட்டால் முட்டுவது குறைந்து, வெளிச்சம் உள்ளே போய்விடுகிறது. உள்ளே போனதில் கொஞ்சம் அந்தப் பக்கம் போகும், கொஞ்சம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். திரும்பி வருவது குறைச்சல். கறுப்பென்றால் அவ்வளவுதான், நம்மிடம் திரும்பி வராத வெளிச்சம். செயலாளர் அம்மா கடைக்காரர் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி, “இன்னொண்ணு நனைச்சுக்கலாமா?” என்றார். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்து, “உங்ககிட்டதான் எங்க பிள்ளைங்க படிக்குதா?” என்று கேட்டார்.

அவர் போன பிறகுதான் செயலாளர் மெதுவாகக் கேட்டார், “நாம கடைசியா எப்போ வகுப்புல தெரியலைன்னு சொன்னோம்?” யாரும் சொன்னதில்லை. செயலாளர் தன் வகுப்புப் பிள்ளைகளிடம், “நல்ல கேள்வி, வீட்டுல எழுதிட்டு வா” என்று சொல்லிவிடுவாராம். எழுதிக்கொண்டு வந்த பிள்ளை யாரும் மறுபடி கேள்வி கேட்டதில்லையாம். துணைத் தலைவர், “எனக்கு எப்பவுமே சரியா மணி அடிச்சிடும்” என்றார். நான் முதல் பதினொரு வருஷம், “அதெல்லாம் மேல்வகுப்பில் வரும்” என்று சொல்லி உட்காரவைத்தேன். மேல்வகுப்பு எடுக்க வந்த பிறகு, “அதெல்லாம் கீழ்வகுப்பிலேயே முடிந்துவிட்டது” என்று சொல்லி உட்காரவைக்கிறேன். எத்தனை பிள்ளைகளை உட்காரவைத்திருப்பேன்! எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை. நாங்கள் மூன்று பேர் தொண்ணூறு வருஷத்தில் செய்யாததை அந்தப் பெண் முதல் வருஷத்திலேயே, அதுவும் தங்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு செய்திருக்கிறார். அந்தத் துணிச்சலுக்காக வேலை போகக் கூடாது.

ஆகவே எங்கள் தீர்மானம்: “ஒரு விஷயம் தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்று சொல்வது அறிவியல் ஆசிரியரின் உரிமை மட்டுமல்ல, கடமையும் ஆகும். அதைச் சொன்ன ஆசிரியையைச் சங்கம் மனமாரப் பாராட்டுகிறது.” நோட்டு நனைந்தவன் என்ற முறையில் தனக்கும் ஓட்டு உண்டு என்று கடைக்காரர் திரும்பி வந்து கையைத் தூக்கியதால் நான்கு வாக்குகளில் நிறைவேறியது. ஒன்று மட்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் ‘எளிய கேள்வி’ என்று எழுதியிருக்கிறீர்கள். எளியது என்றால் விடை அன்றைக்கே தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்றால் எங்களுக்கு ஏன் ஒரு துண்டுச்சீட்டு போடவில்லை? தெரியாது என்றால், வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட வேண்டியிருக்கும். கணக்கு வாத்தியாராக இருந்தவர் தாங்கள், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வாளருக்கு என் பணிவான வணக்கம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். சாப்பாட்டில் உப்பு அளவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனனும் சங்கத் தலைவனும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுத்த நேரத்தில், வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அந்த ஆசிரியையே படியேறி வந்துவிட்டார். தீர்மானத்தைக் கம்பீரமாக வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “சார், நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றார்.

“அறிக்கையில இருக்கேம்மா!”

“அந்தப் பொண்ணு கடைசி பெஞ்சு சார். சீருடையில தண்ணியைக் கொட்டிட்டு உக்காந்தபடியே கேட்டா. நான் போர்டுகிட்ட நிக்கிறேன், முன்னாடி பெஞ்சு மறைக்குது. ‘எங்கே? எனக்குத் தெரியலையே, எழுந்து நில்லு’ன்னேன். அதுக்குள்ள ஆய்வாளர் சார் எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டார்.”

எதையும் முதலில் உற்றுநோக்கு என்று தொண்ணூறு வருஷம் பாடம் நடத்திய மூன்று பேரில் ஒருவருக்கும், அந்த ஆசிரியையையே கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றவில்லை. அவர் பிறகு கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார், ஆளுக்கொரு தாளை நனைத்து ஜன்னலில் பிடிக்கச் சொல்லியிருக்கிறார், பத்தே நிமிஷத்தில் பிள்ளைகளே விடையைச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் வாளியைப் பார்த்தோம், வாளி எங்களைப் பார்த்தது. அதோடு விடாமல் அதே மாணவி, “டீச்சர், தாளுக்குள்ள வெளிச்சம் போகும். கருங்கல்லுக்குள்ள போகாதே, அது ஏன் நனைஞ்சா கறுக்குது?” என்று கேட்டாளாம். அதற்குத்தான் இவர், “அது எனக்கு நிஜமாவே தெரியலை, சேர்ந்து கண்டுபிடிப்போம்” என்றாராம். அதைக் கேட்கத் தாங்கள் அங்கே இல்லை. இதை எழுதும்போது செயலாளரும் துணைத் தலைவரும் கடைக்காரரும் ஆசிரியையும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு கல்லை நனைத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கும் அங்கே போக வேண்டும். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துவிடுங்கள்: தங்கள் அறிக்கையில் ‘தெரியவில்லை’ என்று இருப்பதை அடித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்று மாற்றி எழுதவும்.