நாலு கட்ட ஆலோசகர்

"கையெழுத்துப் போடட்டுமா, காலி பண்ணட்டுமா? ஊருக்கே ஆலோசனை சொல்லத்தானே படிக்கிறே, சொல்லுடி!" என்று என் அத்தை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வணிக ஆலோசனைப் படிப்பில் சேர்ந்து அப்போதுதான் சில வாரங்கள் ஆகியிருந்தன. அத்தைக்குப் பிழைப்பு அந்தத் தையல் கடை ஒன்றுதான். எதிரே கண்ணாடிச் சுவரோடு ஒரு ரெடிமேட் துணிக்கடை வந்துவிட்டது. கட்டடச் சொந்தக்காரரோ, புது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து, இல்லையென்றால் சனிக்கிழமை கடைச் சாவி என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரியாவிட்டால் என்ன? தெரிந்தவரைக் கூட்டிவந்தேன். வாசகரே, எழுந்து நில்லுங்கள். வருகிறவர் நாலு கட்ட ஆலோசகர்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் வகுப்பில் இவர்தான் குழுத் தலைவர். 'கட்டம்' என்பது நாங்கள் வைத்த பெயர். சட்டைப்பையில் நான்கு நிறத்தில் பேனா, கையில் ஒட்டுத்தாள் கட்டு, முகத்தில் மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் பெரிய டாக்டரின் கவலை. 'தெரியாது' என்று சொல்லவே மாட்டார். 'ஆய்வில் இருக்கிறது' என்பார். எதைக் கேட்டாலும் மூன்று காரணம் சொல்வார். மூன்றாவது கிடைக்காவிட்டால் 'இதர' என்று ஒன்றைச் சேர்ப்பார். பசிக்கிறதா என்று கேட்டால்கூட, குறுகிய காலத்திலா நீண்ட காலத்திலா என்று திருப்பிக் கேட்பார். வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான். நானும் வாய் பிளந்து எழுதிக்கொண்டேன்.

கட்டம் கடைக்குள் வந்ததும் நேராகச் சுவருக்குப் போனார். பெரிய தாளை ஒட்டினார். நான்கு கட்டம் போட்டார்: பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து.

அத்தை எட்டிப் பார்த்தார். "ஜோசியரே பன்னெண்டு கட்டம் போடுறாரு தம்பி. நீங்க நாலுலயே நிறுத்திட்டீங்களே?"

கட்டம் சிரிக்கவில்லை. இந்த இனம் சிரிக்காது. 'சுவாரஸ்யமான பார்வை' என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுக்கும். மறுநாளே தையல் மெஷினில் ஒரு தாள், கத்தரிக்கோலில் ஒரு தாள், பித்தான் டப்பாவில் ஒரு தாள் என்று கடை முழுக்கப் பல நிறத்தில் பூத்துவிட்டது. சட்டையை வாங்கிப்போக வந்த ஓர் அம்மாள் முதுகில் 'பலவீனம்' ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் தெரு முழுக்க நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

பிறகு ஒரு பெரிய சிக்கல். கடை மூலையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் மாமாவை எந்தக் கட்டத்தில் போடுவது? ஒரு மத்தியானம் முழுக்க விவாதித்தோம். மாமாவே பொறுக்காமல் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் பலமா, பலவீனமா?"

"இத என்கிட்டக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே" என்றார் அத்தை, ஊசியில் நூல் கோத்தபடியே.

சனிக்கிழமை வந்தது. கட்டடச் சொந்தக்காரர் ஒப்பந்தத் தாளோடு வாசலில் நின்றார். துணி வெட்டும் மேசைமேல் கணினியை வைத்துக் கட்டம் விளக்க ஆரம்பித்தார். அம்புக்குறிகள் பறந்தன, வட்டங்கள் சுழன்றன, ஒரு வரைபடம் ஏறியது, இன்னொன்று இறங்கியது. சொந்தக்காரரே அசந்துபோய் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப நல்லாருக்கு தம்பி. அப்போ, கடைய வச்சுக்கலாமா கூடாதா?" என்று அவரே கேட்டார்.

"அது சூழ்நிலையைப் பொறுத்தது சார்."

அத்தை என் பக்கம் திரும்பினார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை. "நீயாச்சும் சொல்லுடி. போடவா, வேண்டாமா?"

வாயைத் திறந்தேன். "அத்தை, இத மூணு கோணத்துல பார்க்கலாம்..."

என் சட்டைப்பையிலிருந்த பேனாவை அத்தை உருவினார். "இத்தனை படிச்சவங்க இவ்வளவு நாள் மண்டைய உடைச்சும் 'மூடு'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலையே! அப்போ கடை நல்லாத்தான் இருக்கு" என்றபடி பளிச்சென்று கையெழுத்துப் போட்டார்.

கடை நிலைக்குமா? ஆய்வில் இருக்கிறது. அடுத்த வாரம் கட்டம் வகுப்பில் அறிக்கை வாசித்தார்: 'எங்கள் ஆலோசனையின் பயனாக வாடிக்கையாளர் உறுதியான முடிவெடுத்தார்.' ஆசிரியர் கைதட்டினார். அதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

கட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், இல்லையா? கடைசியாக உங்களிடம் ஒருவர் கலங்கிப்போய் "செய்யட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? 'உன் மனசு என்ன சொல்லுது' என்றா? 'ரெண்டு பக்கமும் யோசிச்சுப் பாரு' என்றா? கட்டம்கூடப் போடாமல் நழுவியிருக்கிறீர்களே, நீங்கள் எங்களையெல்லாம் மிஞ்சியவர்! இந்தக் கதையை உங்களைப் போன்ற இன்னொருவருக்குக் கொடுங்கள். யாருக்கு என்று மட்டும் தயவுசெய்து ஆராய உட்காராதீர்கள். பக்கத்தில் இருப்பவர் போதும்.