ரொட்டிக்காரர் எடுத்த நான்கு நாள்

சாந்த்-ஒலிவ் கிராமத்து ரொட்டிக்காரர் அன்செல்ம் பத்தொன்பது ஆண்டுகளாக விடுமுறை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஆகஸ்டு மாதம் நாடே கடலோரம் போய்ப் படுத்திருக்கும்போது, படுக்காமல் மிச்சமிருப்பவர்களுக்கு ரொட்டி வேண்டுமல்லவா.

ஒரு திங்கட்கிழமை, கடைக்கு வார மூடல் நாள், அவர் மனைவி ஒதீல், மாவு ஆலைக்காரர் கொடுத்த நாட்காட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வரைபடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் வரைந்தாள்.

"நாலு நாள். நம்ம வண்டியிலயே போறோம். வெள்ளிக்கிழமை வெர்மோல், சனிக்கிழமை கரேய், ஞாயித்துக்கிழமை லா தூஷ், திங்கக்கிழமை வீடு."

"லா தூஷ் இங்கருந்து பதினேழு கிலோமீட்டர். அதுக்கு எதுக்கு நாலு நாளு?"

"பாரிஸ்காரங்க ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு வந்து நம்ம ஜன்னல் கதவைப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. நான் பதினேழு கிலோமீட்டர் போய் அடுத்தவங்க ஜன்னலைப் பாக்கக் கூடாதா?"

ஒதீல் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஜன்னல் கூட வேண்டாம். காலையில எட்டு மணிக்கு ஏதோ ஒரு ஊர்ல, ஒரு மேசை. நீ சுடாத ரொட்டி. எதிர்ல நீ கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

நியாயமான கோரிக்கைதான். ரொட்டிக்காரர் ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும்போது தூங்குகிறவர். எட்டு மணிக்கு ஒதீல் கடையில் நிற்பாள், அவர் மாடியில் குறட்டை விடுவார். திங்கட்கிழமையும் உடம்பு பழக்கத்தை விடாது. பத்து மணிக்கு முன் எழுந்ததில்லை. அதனால் கல்யாணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளில் அவர்கள் சேர்ந்து காலைக் காப்பி குடித்தது ஒரே முறை. அன்று அடுப்பு வெடித்திருந்தது.

அன்செல்ம் மேயரிடம் போனார். மேயர் துப்ரெய் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"நாலு நாளா?" என்றார் மேயர். "ஊர் எல்லையில என்ன பலகை மாட்டியிருக்கோம்னு தெரியுமில்ல?"

தெரியும். 'உயிருள்ள கிராமம்' என்ற பலகை. அதைப் பெற ஊர் ஏழாண்டு பாடுபட்டது. ஊற்றில் தண்ணீர் ஓட வேண்டும், ஜன்னல்தோறும் பூச்செடி இருக்க வேண்டும், ரொட்டிக் கடை திறந்திருக்க வேண்டும். பரபரப்பில்லாத இடத்தைத் தேடிக் கார் ஓட்டுவது நகரத்தில் இப்போது நாகரிகம். ஆகவே ஊரில் பரபரப்பு இல்லாதபடி பார்த்துக்கொள்ள ஒரு குழு வாரத்துக்கு மூன்று முறை பரபரப்பாகக் கூடுகிறது.

"பரிசோதகர் சொல்லாம கொள்ளாம வருவாரு," என்றார் மேயர். "ரொட்டி இல்லைன்னா பலகை போச்சு."

"திங்கக்கிழமை கூடத்தான் ரொட்டி இல்ல."

"திங்கக்கிழமை இல்லாதது பாரம்பரியம். மத்த நாள் இல்லாதது அலட்சியம். நான் கையெழுத்துப் போட முடியாதுப்பா. மேலிடத்துக்குப் போ."

மேலிடம் என்பது மாவட்டக் கிளை அலுவலகத்தின் இரண்டாம் மாடி. அங்கே ஊரக வசீகரப் பாதுகாப்புப் பிரிவின் துணைப் பொறுப்பாளராகத் திருமதி வசேர் வீற்றிருந்தார். அன்செல்ம் நீட்டிய படிவத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

"காரணம்ங்கற இடத்துல 'மனைவியோடு காலை உணவு'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"அதுக்குக் கட்டம் இல்லையே. மரணம், பிரசவம், வெள்ளம், அடுப்பு வெடிப்பு. நாலுதான். உங்க காரணம் இதுல எதுக்குக் கிட்ட வருது?"

அன்செல்ம் யோசித்தார். "இன்னும் கொஞ்சம் நாள் போனா மரணத்துக்குக் கிட்ட வரும் மேடம்."

திருமதி வசேர் சிரிக்கவில்லை. கல் நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. அவர் அலமாரியைத் திறந்து இன்னும் மூன்று விண்ணப்பங்களை எடுத்தார். வெர்மோல் ரொட்டிக்காரர் கொடுத்தது ஒன்று, கரேய் ரொட்டிக்காரர் கொடுத்தது ஒன்று. லா தூஷ் ரொட்டிக்காரரின் விண்ணப்பம் அவருடைய அப்பா காலத்தில் கொடுத்தது, இன்னும் பரிசீலனையில் இருந்தது.

"நாலு பேருக்கும் விடுமுறை வேணும். நாலு ஊருக்கும் ரொட்டி வேணும்," என்றார் அவர். பிறகு தம் பணிக்காலத்திலேயே முதன்முறையாக, மதிய உணவு மணி அடித்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் ஆணை வந்தது. 'விடுமுறை எனப்படுவது யாதெனின், ஒருவர் தமது வழமையான பணியிடத்தில் இல்லாதிருத்தலே ஆகும். ஆகவே மேற்படி நால்வரும் வெள்ளி முதல் திங்கள் முடிய தத்தமது பணியிடங்களில் இல்லாதிருக்க இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறார்கள். அக்காலத்தில் அவர்கள் நாளொன்றுக்கு ஒரு கிராமம் வீதம் சுற்றுலா மேற்கொண்டு, ஆங்காங்கே ரொட்டி சுடுவார்கள்.'

ஒதீல் ஆணையை வாசித்து முடித்துவிட்டுத் தன் வரைபடத்தைப் பார்த்தாள். வெள்ளி வெர்மோல், சனி கரேய், ஞாயிறு லா தூஷ், திங்கள் வீடு.

"நான் போட்ட வழியேதான்," என்றாள். "அதுல ஒரு கோடு கூட மாத்தலை."

வெள்ளிக்கிழமைக்கு முந்தின மாலை, நான்கு சாலைகளும் கூடும் ரவுண்டானாவில் நான்கு மாவு வண்டிகள் சந்தித்தன. வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட்டு வழிவிட்டு நான்கும் சற்றுநேரம் சுற்றின. நான்கு ரொட்டிக்காரர்களும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "நல்லபடியா ஓய்வெடுங்க" என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போனார்கள்.

வெர்மோலில் புகழ்பெற்ற கல்பாலம் உண்டு. ஒதீல் அதைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பாதிப் பாலம் தெரிந்தது. மீதிப் பாதியை ரொட்டி வாங்க நின்றவர்களின் வரிசை மறைத்தது. கரேயில் சாய்ந்த கோபுரம் உண்டு. அன்செல்ம் மாவு மூட்டைமேல் சாய்ந்து தூங்கி எழுந்ததில், அது நேராக இருப்பதாகவே அவருக்குப் பட்டது. லா தூஷில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மூன்று நாளும் எட்டு மணி வந்தது, போனது. மூன்று நாளும் ஒதீல் தின்றது அன்செல்ம் சுட்ட ரொட்டி. அதையும் நின்றுகொண்டு.

"நாலாவது நாள் இன்னும் இருக்கு," என்றார் அன்செல்ம், வண்டியை வீட்டுக்குத் திருப்பும்போது.

"திங்கக்கிழமையா? அது எப்பவும் நமக்கு இருக்கறதுதானே. அதையும் விடுமுறைக் கணக்குல சேத்துட்டாங்களே."

வீட்டில், கடை அலமாரியில், ஒரு ரொட்டி மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாந்த்-ஒலிவில் சுட்டவர் வெர்மோல்காரர். வட்டமாக, கருகலுக்கு ஒரு நூல் முன்னால் எடுத்த கனத்த ரொட்டி. அன்செல்ம் அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். படுக்கப் போகும்போது கடிகாரத்தில் ஏழே முக்காலுக்கு மணி வைத்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஒதீல் காப்பிக் கிண்ணங்களை வைத்தாள். எதிரே அன்செல்ம் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் திறந்திருந்தன. அவள் ஒரு துண்டை அறுத்து, வெண்ணெய் தடவி, மென்றாள்.

"எப்படி?" என்றார் அவர்.

அவள் இரண்டாவது துண்டை அறுத்தாள். பத்தொன்பது ஆண்டு ரொட்டி சுட்டவருக்கு அதுவே போதுமான பதில்.

அப்போதுதான் மேயர் ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"தப்பா நினைக்காதப்பா. ஊர்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்காங்க. வெளியூர் ரொட்டிதான் வேணுமாம். உன் மனசு புண்படும்னு நினைச்சேன். ஆனா வெர்மோல்லயும் இதே மனு. கரேய், லா தூஷ், அங்கயும் இதே. அங்கெல்லாம் உன் ரொட்டிக்கு ஏங்குறாங்க."

ஒதீல் மேயரிடமிருந்து பேனாவை வாங்கினாள். கணவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"அடிப்பாவி," என்றார் அன்செல்ம்.

"வாரா வாரம் சுத்தினா, வாரா வாரம் திங்கக்கிழமை காலையில வேற ஆள் ரொட்டி இருக்கும். நீயும் எதிர்ல இருப்ப. யோசிச்சுப் பாரு."

அவர் யோசித்தார். ஒரு துண்டு ரொட்டியை மென்றபடி யோசித்தார். பிறகு, தம்முடைய ரொட்டி வேண்டாம் என்ற மனுவில், கடைசிப் பெயராகத் தாமும் கையெழுத்திட்டார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. 'மக்களின் ஒருமித்த விருப்பத்தை ஏற்று, சுழல் விடுமுறைத் திட்டம் நிரந்தரமாக்கப்படுகிறது. மேற்படி நால்வரும் இனி ஆண்டு முழுவதும் விடுமுறையில் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் விடுமுறையில் இருப்பவர்க்கு வார மூடல் நாள் அவசியமில்லை என்பதால், திங்கட்கிழமை மூடல் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது.'

ஊர் எல்லைப் பலகையில் ஒரு வரி கூடியது: 'வாரம் ஏழு நாளும் ரொட்டி.' மேயர் நாடா வெட்டினார்.

அடுத்த கோடையில் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணி. கரேய் சதுக்கத்தில் மாவு வண்டியின் பின்கதவு திறந்திருக்க, அன்செல்ம் கால்கள் வெளியே தொங்க உறங்கிக்கொண்டிருந்தார். நகரத்திலிருந்து சிறு கார்ப் பயணம் வந்திருந்த கணவனும் மனைவியும் அவரை மூன்று கோணத்தில் படம் எடுத்தார்கள்.

"பாத்தியா," என்றான் அவன், "இதுதான் வாழ்க்கை. நம்மாள இப்படி இருக்க முடியுமா?"

அந்தப் பெண் கடைக்குள் வந்து ஒரு ரொட்டி வாங்கினாள். "வெளியில படுத்திருக்கறவரு இந்த ஊர்க்காரருங்களா?"

ஒதீல் ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டினாள்.

"இல்லீங்க. அவரு விடுமுறையில வந்திருக்காரு."