ஆற்றில் வடை நேரம்

வெள்ளவத்தையில் வளர்ந்த தமிழன் ஒருவனிடம் சிங்களம் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "ஓம், கதைப்பன்" என்பான். எவ்வளவு கதைப்பாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் துணிவில்தான் எங்களில் பலர் காலத்தை ஓட்டுகிறோம். என்னுடையது கடைச் சிங்களம். பாண் வாங்கவும், ஓட்டோக்காரரோடு பேரம் பேசவும், பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லவும் போதும். அதற்கு மேல் யாராவது நீட்டி முழக்கினால் "ஹரி, ஹரி" என்று தலையாட்டிவிடுவேன். (ஹரி என்றால் 'சரி'. இதைவிட உபகாரமான சொல் அந்தப் பாஷையில் இல்லை.)

இந்த லட்சணத்தில் இருந்த சிங்களத்தை நம்பித்தான் நான் பெண் கேட்கப் போனேன்.

சுஜானியும் நானும் ஒரே அலுவலகம். அவள் வீடு கொட்டாஞ்சேனையில். தாய் இல்லை; அப்பாவும் மகளும் மட்டும்தான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்காகக் கொழும்பு வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். சாதகம் கேட்பார், சாதி கேட்பார், சம்பளம் கேட்பார் என்று நான் எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். மனுசன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பிக்குச் சிங்களம் எப்பிடி?"

"நல்லாக் கதைப்பன், அங்கிள்."

"இல்லை, ஏன் கேக்கிறன் எண்டால், பென்சன் கந்தோர், ஆஸ்பத்திரி, எங்க போனாலும் இவதான் எனக்காகக் கதைக்கிறவ. இவ கலியாணம் கட்டிப் போனாப் பிறகு எனக்கு ஆர் கதைக்கிறது?"

"நான் இருக்கிறன்தானே அங்கிள்!" என்றேன். நெஞ்சை வேறு நிமிர்த்தினேன். சுஜானி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கொத்துரொட்டிக் கடையில் என் சிங்களத்தைக் கேட்டவள் அவள்.

"அப்ப ஒரு நாள் ஆளோட இருந்து பாத்திட்டு முடிவைச் சொல்லுறன்" என்றார் அப்பா.

அந்த ஒரு நாளைத்தான் நான் ஆற்றில் கொண்டுபோய் வைத்தேன். சுஜானிக்கு நெடுநாளாகக் கயாக் ஓட்ட ஆசை. அப்பாவுக்கோ நீந்தத் தெரியாது. ஆகவே ஆரம்பக்காரர்களுக்கு ஏற்ற, அலையில்லாத, சுழியில்லாத, சாதுவான ஆறாகத் தேடினேன். கொழும்பிலிருந்து தெற்கே, கடலுக்குக் கிட்ட, பாய் விரித்ததுபோல் கிடந்த ஓர் ஆறு அகப்பட்டது. காலையில் ஆற்றில் கயாக், மதியம் சோற்றுப் பார்சல், பின்னேரம் வீடு, வீடு போய்ச் சேர்ந்ததும் சம்மதம் என்று திட்டம் போட்டேன். பயிற்சிக்காகப் பல்கனியில் கதிரை போட்டு இருந்து, வீடு கூட்டும் தும்புத்தடியால் காற்றில் துடுப்புப் போட்டேன். எதிர் ஃபிளாட் அன்ரி என் அம்மாவைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று விசாரித்ததாகக் கேள்வி.

கயாக் வாடகைக்குக் கொடுக்கும் நிமல் அய்யேக்கு நான் அப்பாவின் முன்னாலேயே போன் எடுத்தேன். (அய்யே என்றால் 'அண்ணன்'.) என் சிங்களத்தை அரங்கேற்றுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? சுஜானி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் என் கெட்ட காலம்.

நிமல் அய்யே கடைசியாகச் சொன்னது இது: "உதே வடதிய வெலாவட்ட எண்ட."

உதே என்றால் காலை. வெலாவ என்றால் நேரம். எண்ட என்றால் வாருங்கள். மூன்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நடுவில் கிடந்த 'வடதிய' மட்டும் புதிது. அதையும் விடுவேனா? திய என்றால் தண்ணி. வட என்றால், வேறென்ன, வடை. வடையும் தண்ணியும், அதாவது வடையும் தேத்தண்ணியும். காலையில் வடை, தேத்தண்ணி நேரம் எது? பத்து மணி!

"ஹரி, ஹரி!" என்று போனை வைத்தேன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"பத்து மணிக்கு வரட்டாம், அங்கிள். வடை, தேத்தண்ணியோட தொடங்குவமாம்." பிறகு என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்: "நாங்களும் கொஞ்சம் வடை கொண்டு போனா மரியாதையா இருக்கும்."

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் புலமையில் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். (நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது.)

மறுநாள் பத்து மணிக்கு, இரண்டு பெரிய பார்சல் உளுந்து வடையோடு போய் இறங்கினோம். நிமல் அய்யேயின் முகம் கடுகடுவென்று இருந்தது. சுஜானி தூரத்தில் நின்று அப்பாவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருக்க, நான் தனியாகப் போய் ஒரு பார்சலை நீட்டினேன். அவர் வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் கண்டல் மரங்களுக்குள் நுழைந்த ஒரு சின்ன ஓடையை இரண்டு தரம் கைகாட்டி, நீளமாக ஏதோ சொன்னார். இரண்டு தரம் காட்டுகிறார் என்றால் அது பார்க்கவேண்டிய இடமாகத்தானே இருக்கும்?

"ஹரி, ஹரி" என்றேன்.

இருவர் இருக்கும் கயாக்கில் முன்னால் அப்பா, பின்னால் நான், நடுவில் மிச்ச வடைப் பார்சல். தனிக் கயாக்கில் சுஜானி. ஆறு சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அமைதி. நாங்கள் துடுப்பை வைத்திருந்தால் போதும், தண்ணீரே கொண்டுபோனது. "எப்பிடி அங்கிள், சுகமா இருக்கா?" என்று கேட்டபடி, பெருமையோடு அந்த ஓடைக்குள் திருப்பினேன். "அங்க தண்ணி குறைவாக் கிடக்குது!" என்று சுஜானி பின்னாலிருந்து கத்தினாள். "அய்யேதான் போகச் சொன்னவர்!" என்று நானும் கத்தினேன்.

கொஞ்சத் தூரம் போனதும் அடியில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். கயாக் நின்றுவிட்டது. துடுப்பால் தள்ளினேன்; துடுப்பு சேற்றில் போய் நின்றது. இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை வைத்தேன், முழங்கால்வரை போனது. கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே சுற்றிலும் இருந்த தண்ணீர் மெல்ல மெல்ல வற்றிப் போய்விட்டது. நீந்தத் தெரியாத ஒருவரை இதைவிடப் பாதுகாப்பான இடத்தில் யாராலும் இருத்தியிருக்க முடியாது.

சுஜானி ஓடை வாயிலிலேயே நின்றதால் தப்பினாள். திரும்பிப் போய் நிமல் அய்யேயிடம் கதைத்துவிட்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வடதிய எண்டால் கடல் பெருகி ஆத்துக்குள்ள ஏறுற நேரமப்பா! விடியவே வரச் சொல்லியிருக்கிறார். தண்ணி ஏறேக்க போய், வத்தேக்க வந்தால் கை நோகாதாம். இப்ப வத்துற நேரமாம். இந்த ஓடைக்குள்ள மட்டும் போகாதேங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னவராம்!"

"இப்ப என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யேலாதாம். தண்ணி திரும்ப ஏறும் வரைக்கும் இருக்கட்டாம்!"

அவள் போய்விட்டாள். நானும் அப்பாவும் சேறும் மிச்சம். கயாக்கில் முன்னால் இருப்பவரின் முதுகுதான் பின்னால் இருப்பவருக்குத் தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இருப்பதே தண்டனையாக இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சுஜானி இனி எனக்கில்லை என்று முடிவு கட்டினேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அங்கிள், எனக்குச் சிங்களம் தெரியாது."

"தெரியும்" என்றது முதுகு.

"இல்லை அங்கிள், உண்மையாவே தெரியாது."

"அதைத்தான் தம்பி சொல்லுறன். உமக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். போனில ஹரி ஹரி எண்டேக்கயே பிடிச்சிட்டன். விளங்கினவன் ஒரு கேள்வியாவது திருப்பிக் கேப்பான். விளங்காதவன்தான் எல்லாத்துக்கும் ஹரி எண்டுவான். நானும் சேர்விஸ் முழுக்க ஹரி சொன்னவன்."

சொல்லிவிட்டு மெல்லத் திரும்பினார். கயாக் ஆடவில்லை, ஆட எங்கே தண்ணீர்? மாட்டைப் பற்றி ஒரு சிங்களக் கட்டுரையைப் பாடமாக்கி, உத்தியோகத்துக்கான சிங்களச் சோதனை பாஸ் பண்ணியதைச் சொன்னார். மேலதிகாரி ஏதோ சொல்ல, ஹரி என்று சொல்லிவிட்டு வந்து, அது தன்னுடைய இடமாற்றம் என்று இரண்டு நாள் கழித்து அறிந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது. "உந்த வடைப் பார்சலைப் பிரியும்" என்றார். சேற்றின் நடுவே இருந்து இரண்டு பேரும் வடை தின்றோம். தேத்தண்ணிதான் இல்லை.

"அப்ப அங்கிள், எங்கட விசயம்..." என்று இழுத்தேன்.

"அவவுக்கு ஏற்கெனவே ஒரு வாயில்லாப் பூச்சி இருக்கு. இன்னொண்டு வந்தால் என்ன பெரிய பாரமே? ஆனா ஒண்டு, கட்டினாப் பிறகும் கொட்டாஞ்சேனையிலதான் இருக்கோணும். எனக்கும் அவதான் கதைக்கோணும்."

"ஓம் மாமா" என்றேன். வாய் தானாக முறை மாறிவிட்டது. கண் கலங்கியதையும் மறைக்கவில்லை. அவர் பார்த்துவிட்டு இன்னொரு வடையை நீட்டினார். பின்னேரம் தண்ணீர் வந்து எங்களைத் தூக்கிவிட்டது.

கலியாண வீட்டில் மாமா இந்தக் கதையை மைக் பிடித்தே சொன்னார். இன்றைக்கும் நான் சிங்களத்தில் போன் கதைத்து முடித்தால், "என்னவாம், வடை கொண்டு வரட்டாமோ?" என்று வீடு முழுக்கக் கேட்கும்.

அரசாங்கக் கந்தோர் அலுவல்களுக்கு இப்போது மூன்று பேரும் சேர்ந்தே போகிறோம். சுஜானி முன்னால், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால். போன கிழமை ஒரு கந்தோரில், கவுண்டரில் இருந்த பெண் எங்கள் இருவரையும் காட்டி ஏதோ கேட்டாள். சுஜானி ஒரே வரியில் பதில் சொன்னாள். அந்தப் பெண் எங்கள் இருவரின் வாயையும் மிகவும் இரக்கத்தோடு பார்த்து, எழும்பிப் போய்த் தன் கையாலேயே இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டாள்.

அப்படி என்னதான் சொன்னாள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். வாயைத் திறக்கிறாள் இல்லை. "என்னவா இருக்கும் மாமா?" என்று அவரிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"கதிரை வந்ததுதானே தம்பி, விடும்" என்றார்.