வாத்தை எழுப்பிக் காட்டுபவர்

பனி உறையும் எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் ஏரிக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, தண்ணீருக்குள் முங்கி இரைதேடும் வாத்துகள். இன்னொன்று, அவற்றைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள். முதல் கூட்டத்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

இரண்டாவது இனத்தை அடையாளம் காண்பது சுலபம். காதை மூடும் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி, அதில் ஒட்டிய கண், எந்நேரமும் திறந்திருக்கும் வாய். நீங்கள் "அழகா இருக்கே" என்று முணுமுணுத்தால் போதும். எது ஆண், எது பெண், ஏன் நடு ஏரியில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, ஏன் காற்றை எதிர்த்தே முகம் வைக்கின்றன, போன வருடம் இதே இடத்தில் ஒருவர் தப்பாகச் சொல்லி இவரிடம் எப்படி வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதுவரை கொட்டித் தீர்ப்பார். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. அதனாலென்ன?

போன ஞாயிற்றுக்கிழமை இந்த இனத்தவர் ஒருவரிடம் ஒரு நர்ஸம்மா மாட்டினார். அந்தக் குளிர்காலத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே விடுப்பு நாள் அது. மறுநாள் ஏரி உறைந்துவிடும், வாத்துகள் ஆற்றுக்குப் போய்விடும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வாத்து முங்கி எழுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த அம்மாளின் ஆசை.

"சார், ஒரு தடவை நான் பாத்துக்கட்டுமா?"

"இருங்கம்மா, ஃபோகஸ் கலைஞ்சிடும். நான் சொல்றதைக் கேளுங்க, பாத்த மாதிரியே இருக்கும்."

குளிரில் நின்று கேட்டார், பாவம். வாத்துகளோ அலகை முதுகில் செருகிக்கொண்டு தூங்கின. இரவெல்லாம் இரைதேடிப் பகலில் தூங்கும் கூட்டம் அது. அதையும் சற்று முன் விளக்கியவர் இவரேதான்.

"இதுங்க எப்ப சார் முங்கும்?"

தெரியாது என்ற சொல் இந்த இனத்தின் வாயில் வராது. "இப்ப முங்கும் பாருங்க" என்று தண்ணீரோரம் ஓடி, படபடவென்று கைதட்டி, "ஹோய்!" என்று ஒரு கத்து கத்தினார். கூட்டம் மொத்தமும் விழித்தது. முங்கவில்லை. தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி எழும்பி, குளிருக்கென்று சேர்த்துவைத்த தெம்பையெல்லாம் விரயமாக்கிக்கொண்டு, மரங்களுக்கு அப்பால் ஆற்றுப் பக்கம் போயே போய்விட்டது.

நர்ஸம்மா வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் முகத்திலோ பெருமிதம் வழிந்தது.

"பாத்தீங்களா? ஓடித்தான் எழும்பும்னு சொன்னேன்ல!"

அந்த அம்மாள் பஸ்ஸுக்கு நடந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தத் தொலைநோக்கியைத் தூக்கி ஏரியில் வீச வேண்டும் போலிருந்தது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், "எல்லா வாத்தும் பகல்ல தூங்காது, எழுதின ஆளுக்கு ஒண்ணும் தெரியலை" என்று சொல்லப் பக்கத்திலிருப்பவரின் தோளைத் தட்டினீர்களே, அவர் இவ்வளவு நேரமும் ஜன்னல் வழியே எதையோ நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பார்க்கவில்லை.